அது சாராயம் இல்லை, கரைப்பான்

2024 ஜூன் மூன்றாவது வாரம். எங்கள் கிளையில் மதியச் சாப்பாட்டு நேரம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பிணங்களை வரிசையாகக் கிடத்தி எரித்த படம் பேப்பரில் வந்திருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமாம் சார். நாம டேக்ஸ் கட்டுறது இதுக்குத்தான்." நாலு பேர் சிரித்தார்கள். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பதினைந்து நாள் கழித்து நார்த்தாமலையில், எங்கள் தெருப் பையன்கள் நடத்துகிற படிப்பு வட்டத்தில் நம் தோழர் ஒருவர் பேசினார். "செத்தவங்க நம்ம சனம்தான். பரிதாபமாத்தான் இருக்கு. ஆனா நாம குடியை விடாத வரைக்கும் விடுதலை ஏது?" அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. கவிதை எழுதுகிறவனுக்குச் சமயத்தில் சொல் வராது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் கழித்துத்தான் வரும். எனக்கு மூன்று நாளைக்கு மேலேயே ஆகிவிட்டது. இரண்டு இடத்திலும் வைத்த கடனை இங்கே அடைக்கிறேன்.

வங்கிக்காரர் நம்மை வெறுத்துப் பேசினார். தோழர் நம் மீது அக்கறைப்பட்டுப் பேசினார். இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே சொல்லின் மேல் நின்று பேசினார்கள்: குடி. அந்தச் சொல்லைத்தான் நான் மறுக்கிறேன். கருணாபுரத்தில் 65 பேருக்கும் மேல் கொன்றது சாராயம் இல்லை. மெத்தனால் என்கிற தொழிற்சாலைக் கரைப்பான். அது பெயின்ட்டையும் பிசினையும் கரைக்கிற திரவம். ஆலையில், பூட்டிய கிடங்கில், லைசென்ஸ் கணக்கில் இருக்க வேண்டிய ஒரு ரசாயனம் சேரிக்குள் வந்து மனிதரைக் கொன்றால் அதற்கு ரசாயனக் கசிவு என்று பெயர். நம் தெருவில் நடந்தால் மட்டும் அதற்குக் குடிப்பழக்கம் என்று பெயர் மாறிவிடுகிறது.

டிரம்மில் ஒட்டிய காகிதம்

அந்தக் கோடையில் தண்ணீர் பிடித்து வைக்க என் தங்கை புதுக்கோட்டையிலிருந்து ஒரு பழைய நீல பிளாஸ்டிக் டிரம் வாங்கி வந்திருந்தாள். எங்கள் ஊர் பாறை ஊர். சித்திரை, வைகாசியில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு இந்த நீல டிரம்தான். அதன் இடுப்பில் பாதி கிழிந்த லேபிள் ஒன்று இருந்தது. சிவப்புக் கட்டத்துக்குள் தீ, சிவப்புக் கட்டத்துக்குள் மண்டை ஓடு, இன்னொரு கட்டத்தில் நெஞ்சு வெடித்த மாதிரி ஒரு மனிதன். கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷ். பெயர் இருந்த பக்கம் கிழிந்துவிட்டது. சோடாப் பொடி போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டோம் என்றாள் தங்கை. டிரம்மைத் தெருமுனையில் கவிழ்த்து ஓட்டை போட்டு வைத்தேன். சண்டைதான்.

அதற்குப் பிறகுதான் இந்தப் படங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆலையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரு பாதுகாப்புத் தாள் உண்டு. பதினாறு பகுதி. அந்தப் பொருள் என்ன, எப்படி எரியும், உடம்புக்குள் போனால் என்ன செய்யும், சிந்தினால் என்ன செய்வது, எங்கே வைப்பது, எதைப் போட்டுக்கொண்டு தொடுவது எல்லாம் அதில் இருக்கும். மெத்தனாலுக்கு உரிய தாளை முழுசாகப் படித்தேன். நமக்கு வேண்டியதை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்.

மெத்தனாலுக்கு நிறம் இல்லை. பார்த்தால் தண்ணீர். தண்ணீரில் எவ்வளவு ஊற்றினாலும் அவ்வளவும் கலந்துவிடும். வாசனை கிட்டத்தட்ட சாராய வாசனை. ஒரு காலத்தில் மரத்தை மூடிய கலத்தில் சுட்டு எடுத்ததால் 'மரச் சாராயம்' என்று பெயர். இப்போது பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் செய்கிறார்கள். இந்தியா தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்கிறது. பிளைவுட் ஒட்டுகிற பிசின், பெயின்ட், தின்னர், வார்னிஷ், மருந்து எல்லாவற்றிலும் அதற்கு வேலை இருக்கிறது.

64.7 டிகிரியில் கொதிக்கும். 11, 12 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். நம் ஊர் வெயிலில் திறந்து வைத்த டிரம் எந்நேரமும் தீப்பொறிக்குக் காத்திருக்கிற டிரம். காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு 6 பங்கிலிருந்து 36 பங்கு வரை இருந்தால் வெடிக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆள் எரிவது தெரியும், எதில் எரிகிறான் என்பது தெரியாது. அணைக்க உலர்பொடி, கார்பன் டை ஆக்சைடு, ஆல்கஹாலைத் தாங்குகிற தனி நுரை வேண்டும். ஒரு டிரம்மிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும்போது உராய்வில் மின்பொறி வரும். அதனால் இரண்டையும் கம்பியால் இணைத்துத் தரையோடு சேர்க்க வேண்டும். காலி டிரம்மிலும் ஆவி இருக்கும், வெல்டிங் வைக்கக் கூடாது. குழாயில் வாய் வைத்து உறிஞ்சவே கூடாது. தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும் என்பதால் பியூட்டைல் ரப்பர் கையுறை, கண்ணாடி, நல்ல காற்றோட்டம் வேண்டும். எட்டு மணி நேரம் வேலை செய்கிறவர் சுவாசிக்கிற காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 200 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

எவ்வளவு அக்கறை பாருங்கள். மூக்குக்குப் பத்து லட்சத்தில் 200 பங்கு என்று அளந்து வைத்திருக்கிற உலகத்தில்தான் நம்மவர் தொண்டைக்கு டம்ளர் டம்ளராக அது வந்து சேர்ந்தது.

மூக்குக்கு அளந்தது நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. சாக்கடைக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டமே போட்டார்கள். பாதுகாப்புக் கருவிகளைப் பட்டியலிட்டு விதியும் எழுதினார்கள். அதற்குப் பிறகும் எத்தனை பேரைத் தூக்கி வெளியே போட்டோம் என்பது நமக்குத் தெரியும். டிரம்மை உருட்டுகிற கான்ட்ராக்ட் கூலிக்கு எந்தக் கையுறை கிடைக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பாதுகாப்பு தாளில் இருக்கிறது. தாள் ஆபீசில் இருக்கிறது. ஆபீசில் நாம் இல்லை.

கண்மலர்

எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது. கல் உடைக்கிற வேலையில் கை போகுது என்று திருச்சியில் ஒரு மரச்சாமான் பட்டறைக்குப் பாலிஷ் போடப் போயிருக்கிறார். மதுவிலக்குக் காலம். பட்டறையில் வார்னிஷ் கலக்குகிற ஸ்பிரிட் இருந்தது. ஒரு நாள் ராத்திரி மூன்று பேர் அதைத் தண்ணீர் ஊற்றிக் குடித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் ஒன்றும் இல்லை, வேலைக்குப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் வயிற்றைப் பிடுங்கி வாந்தி. மூச்சு இரைப்பு. ஒருத்தர் அன்றைக்கே செத்துப்போனார். பெரியப்பாவுக்கு உயிர் தங்கியது.

அவரிடம் நான் சின்னப் பையனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். "எப்படிப் பெரியப்பா இருந்துச்சு?"

"சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள கண்ணைத் தொறந்த மாதிரி அப்பு. எல்லாம் வெள்ளை. பொறவு வெள்ளையும் போச்சு."

மருத்துவப் புத்தகங்களில் இதைப் பனிவெளியில் நிற்கிற மாதிரி பார்வை என்று எழுதியிருக்கிறது. பனிவெளியைப் பார்க்காத பெரியப்பா வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைச் சொன்னார். இரண்டும் ஒரே நோய்க்குறிதான்.

மெத்தனால் உள்ளே போனதும் கொல்வதில்லை. ஈரலில் இருக்கிற ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது. பிணத்தைக் கெடாமல் வைக்கப் பயன்படுகிற அதே பொருள்தான். அடுத்து அது ஃபார்மிக் அமிலம் ஆகிறது. இந்த அமிலம் சேரச் சேர உயிரணுக்களால் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிவதில்லை. முதலில் அடி வாங்குவது பார்வை நரம்பும் மூளையும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். 12 மணி நேரம், 24 மணி நேரம், கூடவே நல்ல சாராயமும் குடித்திருந்தால் இன்னும் அதிகம். அதனால்தான் 'எனக்கு ஒண்ணும் செய்யலையே' என்று சொல்கிறவர் நடந்துகொண்டே சாவுக்குப் போகிறார். சுத்தமான மெத்தனால் 10 மில்லி கண்ணைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரைப் பறிக்கலாம்.

பெரியப்பாவைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில், "குடிச்சா இப்படித்தான், கண்ணு போயிருச்சு, கூட்டிட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறார்கள். குடித்தது என்ன என்று யாரும் சொல்லவில்லை. அப்பத்தா இது முத்துமாரியின் கோபம் என்று நம்பினாள். தோடு ஒன்றை விற்று வெள்ளியில் கண்மலர் வாங்கி நார்த்தாமலை அம்மனுக்குச் செலுத்தினாள். வருஷா வருஷம் பங்குனித் திருவிழாவில் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தி, என்ன குத்தம் செஞ்சோம் தாயே என்று கேட்பாள். பெரியப்பா சாகிற வரைக்கும் 'பாலிஷ் குடிச்சுக் கண்ணைத் தொலைச்சவன்' என்கிற பெயரோடுதான் இருந்தார். மெத்தனால் என்கிற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது 2024 ஜூனில், கருணாபுரத்துப் பிணங்களோடு. ஒரு சொல் நமக்குக் கிடைக்காமல் போனதால் ஒரு கிழவி தன் பிள்ளையின் கண்ணுக்காக முப்பது வருஷம் சாமியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பெயர் வைப்பதில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்கிற தோழர்களுக்கு என் பதில் அந்தக் கிழவிதான்.

கருணாபுரமும் வெங்கடாபுரமும்

நடந்ததை ஒழுங்காகச் சொல்லுவோம். 2024 ஜூன் 18, 19. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது கருணாபுரம். போலீஸ் ஸ்டேஷன் கூப்பிடு தூரம். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிகள், பட்டியல் சாதியினர். பெண்களும் உண்டு. முதல் சாவுகள் நடந்தபோது மாவட்ட நிர்வாகம் இது விஷச் சாராயத்தால் வந்த சாவு இல்லை என்று மறுத்தது. அந்த மறுப்பை நம்பி, முதலில் செத்தவர்களின் எழவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே பாக்கெட்டை வாங்கிக் குடித்தார்கள். மெத்தனால் விஷயத்தில் முதல் 24 மணி நேரம்தான் உயிர். அந்த நேரத்தைத்தான் பொய் தின்றது.

இது புதுசும் இல்லை. 2001இல் பண்ருட்டிப் பக்கம் 50 பேருக்கு மேல். 2008இல் கிருஷ்ணகிரியிலும் கர்நாடக எல்லையிலும் 150 பேர் அளவுக்கு. 2022இல் குஜராத் போட்டாட்டில் 40 பேருக்கு மேல். அங்கே ஒரு ரசாயனக் கிடங்கிலிருந்து 600 லிட்டர் மெத்தனால் திருடு போனதாகக் குஜராத் போலீசே சொன்னது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் 20 பேருக்கு மேல். அப்போது தமிழ்நாட்டு போலீஸ் தலைவர், குடித்தது கள்ளச்சாராயம் அல்ல, ஆலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று அறிக்கையே விட்டார். தங்கள் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். ஆனால் சொன்னது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு கிடங்கு கிடங்காகப் போயிருந்தால் அடுத்த ஜூனில் கருணாபுரம் நடந்திருக்குமா?

இதோடு இன்னொரு ஊரை வைத்துப் பாருங்கள். 2020 மே 7, விசாகப்பட்டினம் ஆர்.ஆர். வெங்கடாபுரம். எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து விடியற்காலையில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் செத்தார்கள். அன்றைக்கே நாட்டுக்கெல்லாம் ஸ்டைரீன் என்கிற பெயர் தெரிந்துவிட்டது. தொட்டியின் வெப்பம் எவ்வளவு, ஏன் குளிரூட்டவில்லை என்று கமிட்டிகள் கேட்டன. ஆந்திர அரசு ஆளுக்கு ஒரு கோடி அறிவித்தது. ஆலைக்குப் பக்கத்தில் ஏன் படுத்துத் தூங்கினாய் என்று செத்தவரை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. கருணாபுரத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தபோது அதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். ஸ்டைரீனும் கரைப்பான் வகைத் திரவம்தான், மெத்தனாலும் கரைப்பான்தான். அங்கே காற்றில் வந்தது, இங்கே பாக்கெட்டில் வந்தது. "அவன் காசு கொடுத்து வாங்கினான்" என்பார்கள். அவன் சாராயத்துக்குத்தான் காசு கொடுத்தான். கரைப்பானுக்குக் கொடுக்கவில்லை. பால் என்று சொல்லிப் பூச்சிமருந்தை விற்றால் பால் குடிக்கிற பழக்கத்தையா திட்டுவீர்கள்?

எங்கள் ஊர் கதையே இருக்கிறது. 2021 டிசம்பர் 30இல், மலைக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடந்தபோது, நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. நாலாம் நாள் செத்துப்போனான். அவன் ஏன் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டான் என்று எவனும் கேட்கவில்லை. வேலிக்குள் இருக்க வேண்டிய குண்டு எப்படி வெளியே வந்தது என்றுதான் ஊரே கேட்டது, தளத்தை மூடு என்று ரோட்டில் உட்கார்ந்தது. அந்தக் கேள்வியைத்தான் நான் மெத்தனாலுக்கும் கேட்கச் சொல்கிறேன். பூட்டுக்குள் இருக்க வேண்டியது எப்படி வெளியே வந்தது?

கணக்குப் பிள்ளையின் கேள்வி

எனக்குத் தெரிந்த வேலை கணக்கு. சாயங்காலம் கேஷ் டேலி ஆக வேண்டும். நூறு ரூபாய் குறைந்தாலும் வவுச்சர் வவுச்சராகத் தேடிக்கொண்டு ராத்திரி வரை உட்கார வேண்டும். கிடைக்காவிட்டால் என் கையிலிருந்து கட்ட வேண்டும். ரசாயன வியாபாரி ஒருவர் சரக்கின் மேல் கடன் வாங்கினால் மாசா மாசம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தர வேண்டும். அதிகாரி கிடங்குக்கே போய் டிரம்மை எண்ணுவார். வங்கிக் கணக்கு ஒரு பக்கம். துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கணக்கு, லாரிக்கு இ-வே பில், ஜி.எஸ்.டி. பில் இன்னொரு பக்கம். மெத்தனாலுக்கென்றே தமிழ்நாட்டில் 1959லேயே விதிகள் போட்டு, லைசென்ஸ், இருப்புப் பதிவேடு எல்லாம் மதுவிலக்குத் துறை வைத்திருக்கிறது. ஒரு டிரம்முக்கு இத்தனை லெட்ஜர்!

ஒரு டிரம் 200 லிட்டர். 30 மில்லி கணக்கில் ஆறாயிரத்து அறுநூறு சாவு அதற்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட டிரம் ஒன்று குறைந்தால் எந்த ஆபீசில் யார் ராத்திரி வரை உட்கார்ந்து தேடினார்கள்? யார் கையிலிருந்து கட்டினார்கள்? பிடிபடுகிறவர் பாக்கெட் விற்றவர். அவரும் பெரும்பாலும் ஏதோ ஒரு தெருக்கோடி ஆள். அவரை விடச் சொல்லவில்லை. ஆனால் மேலே போகப் போகப் பெயர்கள் மங்கிக்கொண்டே போகின்றன. மாநிலப் போலீஸ் விசாரணை போதாது என்று சென்னை உயர்நீதிமன்றமே 2024 நவம்பரில் வழக்கைச் சி.பி.ஐ.க்கு மாற்ற வேண்டியிருந்தது.

அரசு என்ன செய்தது? அதே ஜூன் மாதமே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பேரில் வைப்புத்தொகை அறிவித்தது. அந்த மாதிரி ரசீதை எழுதுகிற கை என்னுடையது. வாரிசு, கார்டியன், முதிர்வுத் தேதி எல்லாக் கட்டத்தையும் நிரப்புவோம். எந்தத் திரவம் இந்தப் பிள்ளையின் அப்பனைக் கொன்றது, எந்த உரிமதாரரின் டிரம்மிலிருந்து வந்தது என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

வரிக்காகப் போட்ட விஷம்

கரைப்பானுக்கும் சாராயத்துக்கும் இந்த உறவை ஏற்படுத்தியது யார்? குடிகாரனா? இல்லை. அரசுதான்.

குடிக்கிற ஆல்கஹாலுக்கு வரி உண்டு. ஆலைக்குப் போகிற ஆல்கஹாலுக்கு வரி வேண்டாம் என்றார்கள் முதலாளிகள். வரியில்லாததை ஏழை குடித்துவிட்டால் கஜானாவுக்கு நஷ்டமாச்சே? 1855இல் பிரிட்டன் வழி கண்டுபிடித்தது. அதில் மரச் சாராயத்தைக் கலந்துவிடு, அப்புறம் வரியில்லாமல் விற்றுக்கொள். விஷம்தான் வேலி. அமெரிக்காவில் 1920களின் மதுவிலக்குக் காலத்தில் ஆலை ஆல்கஹாலில் மெத்தனாலின் அளவை அரசே வேண்டுமென்று கூட்டியது. குடிப்பார்கள், சாவார்கள் என்று தெரிந்தே செய்தது. நியூயார்க்கின் தலைமைப் பிணப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பணக்காரன் நல்ல சரக்கு வாங்கிக்கொள்கிறான், சாவதெல்லாம் ஏழைதான் என்பதைப் பிணங்களை அறுத்துப் பார்த்தே அவர் எடுத்துக் காட்டினார்.

இங்கே? 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். குவார்ட்டரில் பெரும்பகுதி வரி. அந்த விலை கொடுக்க முடியாதவன் அதில் பாதி விலைக்கு விற்கிற பாக்கெட்டுக்குப் போகிறான். குவாரியில் நாளெல்லாம் கல் உடைத்தவன் சாயங்காலம் என்ன தேடுகிறான் என்று எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். போதையைச் சொல்ல மாட்டான், "இடுப்பு வலி அமுங்கினாப் போதும்" என்பான். அந்த வலியின் மேல் ஒரு பக்கம் கஜானா, இன்னொரு பக்கம் கரைப்பான் டிரம். நடுவில் நிற்கிறவனுக்குத்தான் ஒழுக்கப் பாடம்.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கையும் உண்டு. மெத்தனால் விஷத்துக்கு முறிமருந்து ஃபோமெபிசோல் என்கிற ஊசி. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் டாக்டர்கள் கொடுக்கிற முறிமருந்து எத்தனால், அதாவது நல்ல சாராயத்தில் இருக்கிற அதே ஆல்கஹால். அது அந்த ஈரல் நொதியைப் பிடித்துக்கொண்டால் மெத்தனால் அமிலமாக மாறாமல் சிறுநீரிலும் டயாலிசிஸிலும் வெளியேறும். (இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அளவும் நேரமும் ரத்தச் சோதனையும் பார்த்து ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியது.) பணக்காரன் கிளாஸில் இருப்பது ஏழையின் விஷத்துக்கு மருந்து.

நம் தோழர்களுக்கு

இப்போது நம் வீட்டுக்குள் பேசுவோம். நான் குடிப்பதில்லை. அதை ஒரு தகுதியாகச் சொல்லவில்லை. பெரியப்பாவைப் பார்த்து வளர்ந்தவன், அவ்வளவுதான். குடி நம் தெருவில் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை கூலி வீடு வந்து சேராததும் தெரியும், அடி வாங்குகிற அக்காக்களையும் தெரியும். கடையை மூடு என்று கல்லெறிந்த பெண்களின் போராட்டம் நம்முடைய போராட்டம். அதை ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆனால் தோழரே, அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் லாபம் யாருக்கு? பிணத்தின் தலைமாட்டில் நின்று குடியை விடு என்று பேசும்போது கிடங்குக்காரர் நன்றி சொல்கிறார். லைசென்ஸ் அதிகாரி நன்றி சொல்கிறார். முதல் நாள் மறுத்தவர்கள் நன்றி சொல்கிறார்கள். நம்மைப் பற்றிச் சாதி இந்துப் பொதுப்புத்தி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிற வாசகத்தை நம் வாயாலேயே வாசிக்கச் சொல்கிறது இது. இதே மாவட்டத்தில் 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களையே கடைசியில் குற்றவாளிக் கூண்டுப் பக்கம் திருப்பினார்கள். 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகையில் இருந்தவர்கள் அதே தலித் குடியிருப்பு இளைஞர்கள். நம் தொண்டைக்குள் எதைப் போட்டாலும் பழி நம் மேலேயே திரும்புகிறது. தண்ணீரில் நடந்ததைப் பார்த்துக் கொதித்த நாம் சாராயத்தில் நடந்ததைப் பார்த்து ஏன் தலை குனிகிறோம்?

என்ன செய்வது

முதலில் நம் கையில் இருப்பது. படிப்பு வட்டங்கள் அடுத்த மாதம் இதை எடுத்துப் பேசட்டும். சுவரில் எழுதட்டும்.

வார்னிஷ், தின்னர், பாலிஷ் ஸ்பிரிட், பெயர் தெரியாத பாக்கெட், இவற்றில் மெத்தனால் இருக்கலாம். மோந்து பார்த்தோ, நாக்கில் வைத்தோ, தீ வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. குடித்தபின் மங்கல் பார்வை, கண்ணில் வெள்ளை, வயிற்று வலி, வாந்தி, வேக மூச்சு வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடணும். கூடக் குடித்த எல்லோரையும், ஒன்றும் இல்லை என்று சொல்கிறவரையும் சேர்த்துக் கொண்டுபோகணும். போலீசுக்குப் பயந்து வீட்டில் படுத்தால் அது கண்ணுக்கோ உயிருக்கோ விலை. டாக்டரிடம் 'மெத்தனாலாக இருக்கலாம்' என்று அந்த வார்த்தையையே சொல்லணும். பட்டறையில் வேலை செய்கிறவர் மேல் சிந்தினால் துணியைக் கழற்றித் தண்ணீரில் கழுவணும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீர். மண்டை ஓடு போட்ட டிரம்மில் குடிக்கிற தண்ணீர் வைக்கவே கூடாது, எத்தனை தரம் கழுவினாலும்.

அடுத்தது நாம் கேட்க வேண்டியது. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான பொருளைப் பற்றித் தொழிலாளிக்கும் சுற்றியிருக்கிற மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினார்கள். 1991இல், ஆபத்தான பொருளைக் கையாளுகிறவர் தப்பு யாருடையது என்று பார்க்காமல் முதலில் நிவாரணம் தர வேண்டும் என்று பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அந்த நியாயம் நம் தெரு வரைக்கும் வரட்டும். மெத்தனால் சாவை ரசாயன விபத்து என்று பதிவு செய். எந்த உரிமதாரரின் சரக்கோ அவரிடமிருந்து நஷ்டஈடு வாங்கு. பட்ஜெட்டிலிருந்து பிச்சை போடாதே. மாவட்டத்தில் எந்தக் கிடங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று மாசா மாசம் தமிழில் வெளியிடு. மாவட்ட ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் முறிமருந்தும் டயாலிசிஸும் ராத்திரியும் இருக்கட்டும். அந்தப் பதினாறு பகுதித் தாளைத் தமிழில், படத்தோடு, டிரம்மின் மேல் ஒட்டு.

அந்த நீல டிரம் இன்னும் எங்கள் தெருமுனையில்தான் கிடக்கிறது. லேபிள் வெயிலில் வெளுத்துவிட்டது. அதன் மேல் சிவப்புப் பெயின்ட்டில் பையன்கள் தமிழில் எழுதியிருக்கிறார்கள்: 'இது விஷம். தண்ணி பிடிக்காதே.' வங்கிக்கார நண்பர் என்றைக்காவது நார்த்தாமலைக் கோயிலுக்கு வருவார். வந்தால் அந்த வழியாகக் கூட்டிப்போய்க் காட்டுவேன். அன்றைக்குச் சொல்லாமல் எழுந்து போனதை அங்கே வைத்துச் சொல்லுவேன்.